நடுங்கும் கையும் பிதற்றும் நாவும்



கை நடுங்குகிற ஒரு முதியவரைப் பார்த்து, "வேண்டுமென்றே ஏன் கையை ஆட்டுகிறீர்?" என்று அதட்டுகிறவர் யாருமில்லை. அவர் காப்பியைச் சிந்திவிட்டால் மகள் துடைத்துவிடுகிறாள். மருமகள் இன்னொரு தம்ளரில் பாதியளவு ஊற்றி, தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைக்கிறாள். அது வியாதி என்று வீட்டிலுள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே முதியவர், அதே வியாதி முற்றிய சில வருஷங்களுக்குப் பின், நாற்பது வருஷம் தமக்குப் பிரமாணிக்கமாய் வாழ்ந்த மனைவியைப் பார்த்து, "இராத்திரி யாரை வீட்டுக்குள் விட்டாய்?" என்று கேட்கிறார். அப்போது மாத்திரம் அது வியாதி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மனைவி அழுகிறாள். பிள்ளைகள் கோபிக்கிறார்கள். அடுத்த வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று கதவைச் சாத்துகிறார்கள்.

நடுங்கும் கைக்கு நாம் காட்டும் பொறுமையைப் பிதற்றும் நாவுக்கு ஏன் காட்டுவதில்லை? இரண்டும் ஒரே வியாதியின் வேலையானால், ஒன்றுக்கு இரக்கமும் மற்றொன்றுக்குக் கோபமும் நியாயமாகுமா? கை வெறும் உறுப்பு, நாவோ உள்ளத்தின் வாசல். ஆகையால் இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இந்த ஆட்சேபனை அற்பமானதல்ல. நம் ஆண்டவரே இருதயத்தின் நிறைவுக்கும் வாயின் பேச்சுக்கும் உள்ள சம்பந்தத்தைப் போதித்திருக்கிறார். ஆகையால் இவ்வாரம் இந்தக் கேள்வியை நிதானமாக ஆராய்வோம். முதலில் வைத்திய சாஸ்திரம் சொல்லுவதைக் கேட்போம். பிறகு நம் வேத சாஸ்திரம் சொல்லுவதைப் பார்ப்போம்.

வைத்திய சாஸ்திரம் சொல்லுவது

நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்குவாதம் என்று அழைத்த இந்த வியாதியை, 1817-ம் வருஷம் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர் ஒரு சிறு நூலில் தெளிவாய் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்று பார்க்கின்சன் வியாதி எனப்படுகிறது. நடுக்கம், உடல் விறைப்பு, நடை தடுமாற்றம் ஆகியவற்றை அவர் நுட்பமாய்க் கவனித்தார். ஆனால் புலன்களும் புத்தியும் இந்த வியாதியில் பழுதடைவதில்லை என்றும் அவர் எழுதினார். இந்த ஒரு விஷயத்தில் பின்வந்த அனுபவம் அவர் கூற்றுக்கு மாறாயிற்று. இந்த வியாதி நெடுங்காலம் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இல்லாத தோற்றங்கள் ஏதோ ஒரு காலத்தில் தென்படுகின்றன என்று இன்று அறிகிறோம்.

மூளையின் அடித்தண்டில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமீன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணியபடி கைகால் இலகுவாய் அசைவதற்கு இது அவசியம். பார்க்கின்சன் வியாதியில் இவ்வணுக்கள் சிறிது சிறிதாய் மடிகின்றன. 1912-ல் பிரிட்ஸ் லேவி என்னும் ஜெர்மன் வைத்தியர் இந்நோயாளிகளின் மூளை அணுக்களுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதைக் கண்டார். அவை ஆல்பா-சினூக்ளின் என்னும் புரதம் தவறாய் மடிந்து திரண்ட கட்டிகள் என்பது 1997-ல் வெளியாயிற்று. டோப்பமீன் இக்குறிப்பிட்ட நோயாளிகளின் மூளையில் வற்றிப்போயிருப்பதை 1960-ல் வியன்னா நகரில் ஹோர்னிகீவிச் என்பவர் காட்டினார். அதை ஈடுசெய்யும் லெவோடோப்பா என்னும் மருந்தை எவ்வாறு படிப்படியாய் உயர்த்திக் கொடுப்பது என்பதை 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் காட்டினார். அன்றுமுதல் இலட்சக்கணக்கான நோயாளிகள் எழுந்து நடமாடுகிறார்கள். சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

ஆனால் லேவி உருண்டைகள் அந்தக் கருநிறப் பகுதியோடு நின்றுவிடுவதில்லை. பிராக் என்னும் ஜெர்மன் அறிஞரும் அவர் தோழர்களும் 2003-ல் விளக்கியபடி, பலரிடம் அவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, மெள்ள மெள்ள மேலேறி, கடைசியில் நினைவுக்கும் காட்சிக்கும் சிந்தனைக்கும் உதவும் மேற்புறணியை அடைகின்றன. வீட்டின் அஸ்திவாரத்தில் பிடித்த கரையான் சுவர் வழியாய் ஏறிக் கூரை மரத்தைத் தொடுவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். கால் தடுமாறுவதற்கும் கண் தடுமாறுவதற்கும் ஒரே கரையான்தான் காரணம்.

இல்லாததைக் காண்பது எப்படி?

கண்ணால் மாத்திரம் நாம் காண்பதில்லை. கண் அனுப்பும் ஒளிக்குறிகளை மூளை வாங்கி, பழைய நினைவுகளோடு சேர்த்து, இது இன்னது என்று ஒவ்வொரு கணமும் ஊகிக்கிறது. அந்தி மங்கலில் கொடியில் தொங்கும் சட்டை ஒரு ஆளைப்போல் தோன்றுவதும், உடனே உற்றுப் பார்த்து, "சே, சட்டைதான்" என்று நாம் சிரிப்பதும் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னதும் இதையே. இதில் இரண்டு வேலைகள் நடப்பதைக் கவனியுங்கள். முதலாவது, மூளை ஒன்றை ஊகிக்கிறது. இரண்டாவது, அந்த ஊகத்தைக் கவனம் என்னும் சக்தி மறுபடி சோதித்துத் திருத்துகிறது. இந்நோயாளியிடம் ஊகம் அளவுக்கு மீறுகிறது. திருத்தும் சக்தியோ தளர்ந்துபோகிறது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல, பல சேருகின்றன. பொட்டுப் பகுதிக்கு உட்புறமான மூளைப் பாகங்கள் முகங்களையும் இடங்களையும் அறிவதற்கு உதவுகின்றன. தெளிவான உருவங்களைக் கண்ட நோயாளிகள் இறந்தபின் அவர்கள் மூளையைச் சோதித்தபோது, அப்பாகங்களில் லேவி உருண்டைகள் மிகுந்திருந்ததாக ஆராய்ச்சியாளர் கண்டார்கள். கவனத்தையும் விழிப்பையும் காக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்களும் இவ்வியாதியில் அழிகின்றன. செரட்டோனின் என்னும் வேறொரு பொருளை ஏற்கும் வாயில்கள் காட்சிப் பாதையில் பெருகிப்போகின்றன. வெளியுலகை நோக்கும் கவனப் பாதைகள் வலுவிழக்கும்போது, உள்ளே நினைவுகளையும் கற்பனைகளையும் பின்னும் பாதைகள் தடையின்றி ஓடுகின்றன. இவையெல்லாம் போதாதென்று, நடக்க உதவும் மருந்தும் சில சமயம் பங்கெடுக்கிறது. வாய்க்கால் வரண்ட வயலுக்கென்று திறந்துவிட்ட தண்ணீர், ஈரமுள்ள பக்கத்து வயலிலும் பாய்ந்து வெள்ளமாவதுபோல, டோப்பமீன் குறையாத பகுதிகளிலும் மருந்து பாய்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போடலாகாது. மருந்தே உண்ணாத சிலரிடமும் இலேசான தோற்றங்கள் வியாதியின் ஆரம்பத்திலேயே காணப்படுகின்றன.

இத்தோற்றங்கள் பெரும்பாலும் ஒரு படிவரிசையில் வருகின்றன. முதலில் பின்னால் யாரோ நிற்பதுபோல் ஒரு உணர்ச்சி. அல்லது கண்ணோரத்தில் பூனையோ எலியோ ஓடியதுபோல் ஒரு நிழல். பிறகு தலையணை உறையின் பூக்களில் முகங்கள். பிறகு அறையின் மூலையில் மௌனமாய் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், முன்பின் தெரியாத மனிதர்கள், சில வேளை இறந்துபோன உறவினர். ஆரம்பத்தில் நோயாளியே, "இது நிஜமல்ல, எனக்குத் தெரியும்" என்று சொல்லுவார். நாள் செல்லச் செல்ல அந்தத் தெளிவும் மறையலாம். அப்போதுதான் மனைவி துரோகம் செய்கிறாள், பணத்தைத் திருடுகிறார்கள், இது என் வீடேயல்ல என்பன போன்ற பிடிவாதமான எண்ணங்கள் வேர்கொள்ளுகின்றன.

ஆத்துமத்துக்கு வியாதி வருமா?

இங்கே விசுவாசிகளின் மனதில் ஒரு கலக்கம் எழும்புவது இயல்பு. ஒரு புரதக்கட்டியும் ஒரு மாத்திரையும் மனிதனுடைய எண்ணத்தையே மாற்றிவிடுமானால், அழியாத ஆத்துமம் என்று நாம் சொல்லுவது என்ன? மூளைதான் மனிதனா?

இதற்கு மறுமொழியை நாம் புதிதாய்த் தேடவேண்டியதில்லை. 1274-ல் மரித்த வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இக்கேள்வியை நன்றாய் அறிந்திருந்தார். ஆத்துமம் சடப்பொருளல்ல, ஆகையால் அது கட்டி பிடித்து அழுகாது. ஆனால் இவ்வுலக வாழ்வில் புத்தியானது தானாகவே எதையும் அறிவதில்லை. புலன்கள் கொண்டுவந்து, கற்பனாசக்தி வரைந்து, ஞாபகசக்தி காத்துவைக்கும் உருவங்களைக் கொண்டே அது சிந்திக்கிறது. அச்சக்திகளுக்கோ சரீர உறுப்பு உண்டு. அவ்வுறுப்பு பழுதடைந்தால், மனிதன் முன்பு நன்றாய் அறிந்திருந்ததைக்கூட அறியமுடியாமல் தடைப்படுகிறான் என்று தோமாஸ் போதித்தார். சித்தம் கலங்கியவர்களையும் நினைவு மயங்கியவர்களையுமே அதற்கு உதாரணமாய்க் காட்டினார். நித்திரையில் புலன்கள் கட்டுண்டிருப்பதால் தீர்ப்புச் செய்யும் சக்தியும் தடைப்படுகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். லேவி உருண்டைகளைப்பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை; ஆனால் கேள்விப்பட்டிருந்தால் திடுக்கிட்டிருக்கமாட்டார்.

வீணையின் நரம்பு தளர்ந்தால் வித்துவானின் வித்தை அழிவதில்லை. இசை மாத்திரம் கெடுகிறது. இந்த உவமை ஓரளவுக்கு உதவும். ஆனால் முழுதும் பொருந்தாது. வித்துவான் வீணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோகலாம். ஆத்துமமோ சரீரத்தில் குடக்கூலிக்கு இருப்பதல்ல. ஆத்துமமே சரீரத்துக்கு உயிரும் உருவும் கொடுத்து, இரண்டும் சேர்ந்து ஒரே மனிதனாயிருக்கிறது என்பது 1312-ல் வியேன் நகரில் கூடிய பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய சத்தியம். ஆகையால் மூளை வியாதிப்படும்போது துன்பப்படுவது ஒரு கருவியல்ல; நம் தகப்பனார்தான், நம் தாயார்தான் துன்பப்படுகிறார்கள்.

இரண்டு தப்பறைகள்

இதிலிருந்து இரண்டு தப்பறைகளை விலக்க அறிந்துகொள்ளுகிறோம்.

முதல் தப்பறை: "உள்ளே இருந்ததுதான் இப்போது வெளியே வருகிறது. இத்தனை வருஷமும் என்னை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்." சந்தேகிக்கப்பட்ட மனைவிக்கு இதைவிடக் கொடிய வேதனை கிடையாது. அவளுக்குச் சொல்லுகிறேன்: அம்மா, யோசித்துப் பாருங்கள். மறைந்திருந்த எண்ணங்கள்தான் வெளிப்படுகின்றன என்றால், அவை ஆளுக்கு ஆள் வெவ்வேறாக அல்லவா இருக்கவேண்டும்? கபடற்றவனிடம் ஒன்றும், கபடனிடம் வேறொன்றும் அல்லவா வெளிவரவேண்டும்? ஆனால் இலண்டனில் இருக்கிற நோயாளியும், தோக்கியோவில் இருக்கிற நோயாளியும், நம் ஊர் நோயாளியும், மூலையில் குழந்தைகள், வீட்டில் அந்நியர், மனைவியின் துரோகம், களவுபோன பணம் என்று ஒரேமாதிரியான கதைகளையே சொல்லுகிறார்கள். கை நடுக்கம் எல்லாரிடமும் ஒரேமாதிரி இருப்பதுபோல, இந்தப் பிரமையும் ஒரே அச்சில் வார்த்ததாயிருக்கிறது. அச்சு வியாதியினுடையது, மனிதனுடைய இருதயத்தினுடையதல்ல. மேலும், ஒரு மாத்திரையைக் குறைத்ததும், அல்லது மறைந்திருந்த ஒரு மூத்திரக் கிருமிக்காய்ச்சலைக் குணப்படுத்தியதும், இந்தச் சந்தேகம் பலரிடம் தணிந்துபோகிறது. இருதயத்தில் வைத்த பகையும் பாவமும் மனஸ்தாபத்தால் நீங்குமேயன்றி, மாத்திரை அளவால் நீங்குவதில்லை. மாத்திரையால் குறைகிறது வியாதியே.

ஆண்டவர் சொன்ன இருதயத்தின் நிறைவு என்பது, மனிதன் அறிந்து மனதார விரும்பிச் சேர்த்துவைத்த பொக்கிஷம். வியாதி கொண்டுவந்து கொட்டின குப்பையை அந்தப் பொக்கிஷத்தோடு எண்ணலாகாது. உங்கள் புருஷனின் இருதயத்தை அறிய விரும்பினால், அவர் புத்தி தெளிவாயிருந்த நாற்பது வருஷத்தைப் பாருங்கள். வியாதி பேசிய நான்கு மாதத்தைப் பாராதேயுங்கள்.

இரண்டாம் தப்பறை இதற்கு நேர் எதிரானது. கேட்பதற்கு இரக்கம்போல் தொனிக்கும். "இவர் இப்போது எங்கள் அப்பாவே இல்லை. அவர் எப்போதோ போய்விட்டார். இது வெறும் கூடு." இப்படிச் சொல்லுகிறவர்கள் கோபப்படமாட்டார்கள், ஆனால் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பேச்சை நிறுத்துவார்கள். அவர் முன்னிலையிலேயே அவரைப்பற்றி, அவர் இல்லாததுபோல் பேசுவார்கள். கூடு என்று நினைத்துவிட்டால், கூட்டுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டால் போதுமல்லவா? பிள்ளைகளே, இதுவும் பொய். ஞானஸ்நானத்தில் பதிந்த அழியாத முத்திரை லேவி உருண்டைகளால் அழிவதில்லை. மூலையில் குழந்தைகளைக் காண்கிற அதே மனிதர்தான், அடுத்த நிமிஷம் பேரன் வந்து கைபிடித்தால் சிரிக்கிறார். செபமாலை தொடங்கினால் பதில் சொல்லுகிறார். அவமதிப்பாய்ப் பேசினால் கண்கலங்குகிறார்.

முதல் தப்பறை நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவரைப் பிணமாக்குகிறது. அவர் இரண்டுமல்ல. அவர் நம் தகப்பனார், கடினமான வியாதியிலிருக்கிறார்.

பொறுப்பு யாருடையது?

சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம் என்ற மூன்றும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறியாமையும் பயமும் மனதைச் சார்ந்த வேறு காரணங்களும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கவும் முழுதும் நீக்கவும் கூடும் என்று போதிக்கிறது. மனிதன் அறிந்து விரும்பிச் செய்வது வேறு. மனிதனிடம் தானாய் நிகழ்வது வேறு. தும்முகிறவன் பாவஞ்செய்வதில்லை, கனவில் திட்டுகிறவனும் பாவஞ்செய்வதில்லை. உறுதியான பிரமையில் மனைவியைப் பழிக்கிறவரும் அப்படியே. தெளிந்த வேளையில், "நான் என்னென்னவோ பேசிவிட்டேனாமே, எனக்கு மோட்சம் உண்டா?" என்று கலங்குகிற நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லுவது: உண்டு. சமாதானமாயிருங்கள். சர்வேசுரன் உங்கள் மூளையை அல்ல, உங்களை அறிவார்.

ஆனாலும் இந்த வியாதியில் தெளிவு ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை. வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வரும். ஆகையால் தெளிவிருக்கும்போது நோயாளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. முதல் நிழல் தோன்றினவுடனே அதை வீட்டாரிடமும் வைத்தியரிடமும் சொல்லவேண்டும். பைத்தியம் என்பார்களோ என்று அநேகர் வருஷக்கணக்காய் மறைக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுக்கத்தைச் சொல்ல வெட்கப்படாதவர் நிழலைச் சொல்ல ஏன் வெட்கப்படவேண்டும்?

மேலும், நோயாளியிடம் குறைகிற பொறுப்பு காற்றில் மறைந்துபோவதில்லை. புத்தி தெளிவாயிருக்கிற நம்மேல் அது வந்து தங்குகிறது. அவர் சொல்லும் கடுஞ்சொல்லுக்குக் கணக்கில்லை. அதற்கு நாம் திருப்பிச் சொல்லும் கடுஞ்சொல்லுக்குக் கணக்குண்டு.

இது பசாசின் வேலையா?

சிலர் உடனே மந்திரிக்கவும் பேயோட்டவும் ஆள் தேடுகிறார்கள். பசாசு உண்டென்பது விசுவாச சத்தியம். ஆனால் எதைக் கண்டாலும் பசாசு என்பது விசுவாசமல்ல, அவிசாரிப்பு. 1614-ல் பிரசுரமான உரோமைச் சடங்கு நூலே, ஒருவனைப் பசாசு பிடித்திருக்கிறதென்று எளிதில் நம்பிவிடக்கூடாது, வியாதியால் வருந்துகிறவர்களிடமிருந்து அவனை வேறுபடுத்தும் அடையாளங்களை அறிந்திருக்கவேண்டும் என்று குருக்களை எச்சரித்தது. மனநோய் வைத்திய சாஸ்திரத்துக்கு உரியது என்று மேற்சொன்ன மறைக்கல்வி நூலும் சொல்லுகிறது. வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய் ஜெபிப்பது நல்லது. மாதாவின் பீடத்தில் வைத்து மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுங்கள். அவ்வாறே, இறந்த தாயாரை நோயாளி கண்டார் என்றால், அதைக் காட்சி என்று ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம், கேலிசெய்யவும் வேண்டாம். அவருக்கு அது ஆறுதலாயிருந்தால், தாயாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக அவரோடு சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

பொய் சொல்லலாமா?

"மூலையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போடு" என்று அவர் சொன்னால், ஆமென்று சொல்லுவதா, இல்லையென்று சொல்லுவதா? மனச்சாட்சியுள்ள பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. அர்ச். அகுஸ்தீன் எந்தப் பொய்யையும் அனுமதிக்கவில்லை. அர்ச். தோமாசும் அவ்வாறே போதித்தார். ஆனால் பொய் சொல்லாமல் விவேகத்தோடு உண்மையை மறைத்துவைப்பது ஆகும் என்றும் சொன்னார். நல்ல தாதிகள் இன்று கைக்கொள்ளும் வழி இதற்கு அழகாய் இசைகிறது.

வாதாடாதேயுங்கள். பிரமை வாதத்தால் தீராது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். "பைத்தியமா? அங்கே ஒன்றுமில்லை" என்பது உண்மையாயிருந்தாலும் அன்பில்லாத உண்மை. "ஆமாம், நானும் பார்க்கிறேன், ஐந்து பிள்ளைகள்" என்பது அன்புபோல் தோன்றினாலும் பொய், பயத்தையும் வளர்க்கும். "அப்பா, எனக்கு அவர்கள் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறது, புரிகிறது. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், பயப்படாதீர்கள். வாருங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்காருவோம்." இதில் ஒரு பொய்யுமில்லை, ஒரு காயமுமில்லை. சந்தேகிக்கப்பட்ட மனைவியும், "நான் உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டேன்" என்று மாத்திரம் சொன்னால் போதும். அது கலியாண நாளில் சர்வேசுரனுக்கு முன்பாகக் கொடுத்த வாக்கின் மறுபதிப்பு.

வீட்டார் கவனிக்கவேண்டியவை

திடீரென்று பிரமை அதிகரித்தால் முதலில் சரீரத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். காய்ச்சல், மூத்திரக் கிருமி, நீர் குறைவு, மலச்சிக்கல், புதிதாய்ச் சேர்த்த மாத்திரை ஆகிய ஏதாவது காரணமாயிருக்கலாம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் சில பழைய மாத்திரைகள் முதியோரின் புத்தியைக் குழப்பும். எதை எந்த முறைப்படி குறைப்பதென்பது வைத்தியருக்குத் தெரியும். லெவோடோப்பாவை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதேயுங்கள். கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்காலி விதையிலும் அதே லெவோடோப்பா இயற்கையாய் இருக்கிறது. ஆகையால் நாட்டுமருந்துதானே என்று வைத்தியருக்குத் தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால், அளவு மிஞ்சிப் பிரமையும் கூடலாம். சித்தக் கலக்கத்துக்குப் பொதுவாய்க் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டோப்பமீனைத் தடுத்து இந்நோயாளியை முடக்கிவிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "இவருக்குப் பார்க்கின்சன் வியாதி" என்று முதலிலேயே சொல்லுங்கள். குவெட்டியப்பின் போன்றவையும், இரத்தப் பரிசோதனையோடு கொடுக்கப்படும் குளோசப்பினும் இவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. செரட்டோனின் வாயிலில் வேலைசெய்யும் பிமாவான்செரின் என்னும் மருந்து 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவையன்றி, அந்தியில் அறையில் நல்ல வெளிச்சம், கண்ணுக்கேற்ற மூக்குக்கண்ணாடி, பூப்போடாத வெறுந்துணி விரிப்பு ஆகிய எளிய காரியங்களும் உதவும்.

தேவதிரவிய அனுமானங்களை மறவாதேயுங்கள். புத்தி தெளிவாயிருந்தபோது பக்தியோடிருந்தவர்களுக்கு, பிறகு புத்தி மயங்கினாலும், கடைசி வேளையில் நன்மை கொடுக்கவேண்டுமென்று அர்ச். தோமாஸ் போதித்தார். சுயநினைவோடிருந்தபோது கேட்டிருக்கக்கூடியவர்களுக்கு நோயில்பூசுதல் கொடுக்கவேண்டுமென்று திருச்சபைச் சட்டமும் சொல்லுகிறது. அவஸ்தை வேளைமட்டும் காத்திருக்கவேண்டாம். 1972-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் இந்த அனுமானத்தின் முறையைப் புதுப்பித்தது, கனமான வியாதியிலும் முதுமையிலும் இருப்பவர்கள் அதன் ஆறுதலைக் காலத்தோடு பெறுவதற்காகவே. எந்த மணி நேரம் நோயாளிக்குத் தெளிவான வேளையென்று சொல்லியனுப்புங்கள். அந்த வேளைக்கே வருகிறேன்.

பங்கு மக்களுக்கு ஒரு வார்த்தை. பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் இதே வியாதியைச் சுமந்து, 2005-ம் வருஷம் பாஸ்குத் திருநாளில் சன்னலண்டை வந்து, பேச வாய் திறந்தும் வார்த்தை வராமல், கையை மாத்திரம் உயர்த்தி ஆசீர்வதித்ததை உலகமெல்லாம் கண்டு கண்ணீர் விட்டது. பேச்சிழந்த நாவை மதித்தோம். கட்டுமீறிப் பேசும் நாவும் அதே வியாதியின் சிலுவையில் அறையுண்டதுதான். அதை நம் தெருவில் கேட்கும்போது காதைத் தீட்டாமல், கதவைத் தட்டுங்கள். "அக்கா, நான் இரண்டு மணி நேரம் மாமாவோடு உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பூசைக்குப் போய்வாருங்கள்" என்று ஒரு பெண் சொன்னால், அது பெரிய தர்மம். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இதை முறைவைத்துச் செய்யலாம்.

நம் ஆண்டவரையே அவருடைய சொந்த உறவினர் புத்தி மாறினவர் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள். ஏரோது அவருக்கு வெள்ளை அங்கி உடுத்திப் பரிகசித்தான். பைத்தியக்காரன் என்ற பெயரையும் சுமந்தவர் நம் இரட்சகர். ஆகையால் அந்தப் பெயர் இப்போது வந்து தங்கியிருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் அவர் அந்நியரல்ல. அங்கே நடுங்கும் கையைப் பிடிக்கிறவன் அவர் கையைப் பிடிக்கிறான். பிதற்றும் நாவைப் பொறுத்துக்கொள்ளுகிறவன் அவருக்காகப் பொறுத்துக்கொள்ளுகிறான். வியாதிக்காரருக்கு ஆரோக்கியமான தேவமாதா இவர்களுக்காகவும், இவர்களைப் பேணுகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளக்கடவார்களாக.

இப்படிக்கு,
சேசுநாதரில் உங்கள் பங்குக்குரு